கன்னியாப் பக்கத்துக் கால்நடை அடைக்கலம்: ஒரு மதிப்பீடு

திருகோணமலை நகருக்கு வெளியே, கன்னியாப் பக்கமாக, கைவிடப்பட்ட மாடுகளையும் ஆடுகளையும் பராமரிக்கும் அடைக்கலம் ஒன்று இயங்கி வருகிறது. பெயர் பரவினால் வேண்டாத மாடுகளை இரவோடிரவாக வாயிலில் கட்டிவிட்டுச் செல்வோர் பெருகிவிடுவர் என்று பராமரிப்பாளர்கள் அஞ்சுகின்றனர். அவர்களது வேண்டுகோள் நியாயமானது என்பதால் பெயரை இங்கே தவிர்த்திருக்கிறேன்.

அங்குள்ளவற்றுட் பல நிலாவெளி வீதியில் வாகனங்களில் அடிபட்டவை. சில பால் வற்றியதும் அவிழ்த்துவிடப்பட்ட கிழப் பசுக்கள். வேறு சில குப்பைமேட்டில் பொலித்தீனைத் தின்று வயிறு ஊதிய நிலையில் வந்தவை. மாட்டின் முதல் இரைப்பையிற் சேரும் பொலித்தீன் செரிப்பதில்லை. அது திரண்டு இடத்தை அடைத்துக்கொள்வதால் தீனி இருந்தும் மாடு மெலிந்து சாகிறது, முற்றிய நிலையில் சத்திரசிகிச்சையைத் தவிர வேறு வழியும் இல்லை. 2022 டிசம்பரில் மாண்டஸ் புயலோடு வந்த குளிரில் வடக்கு, கிழக்கு மாகாணங்களில் ஆயிரத்துக்கும் அதிகமான கால்நடைகள் மடிந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். ஒதுங்க இடமின்றித் திறந்த மேய்ச்சல் தரவையில் நனைந்து நின்ற மாடுகளை வாடைக்காற்று எப்படி வாட்டும் என்பதை உணர்ந்தவர்கள்தாம் இந்தக் கொட்டிலைக் கட்டியிருக்க வேண்டும்: தரை உயர்த்திச் சீமெந்து இடப்பட்டிருக்கிறது, வடக்குப் பக்கம் முழுவதும் கிடுகால் அடைக்கப்பட்டிருக்கிறது.

மனிதருக்கும் இவ்விடம் உதவுகிறது. பராமரிப்பு வேலையில் இருப்போர் பெரும்பாலும் குடும்பத்தைத் தனியே தாங்கும் பெண்கள். போரில் கணவரை இழந்தவர்களும் அவர்களுள் உள்ளனர். விசேட தேவையுடைய பிள்ளைகள் வார இறுதியில் வந்து மாடுகளுக்குத் தண்ணீர் வைக்கிறார்கள், உரோமத்தைத் துலக்கிவிடுகிறார்கள். இத்தகைய எண்ணம் உலகுக்குப் புதிதன்று. அமெரிக்காவில் 1986இல், மீட்கப்பட்ட பண்ணை விலங்குகளுக்கான ‘ஃபார்ம் சாங்சுவரி’ என்னும் அடைக்கலம் தொடங்கப்பட்டது. 1999இல் கலிபோர்னியாவில் எல்லி லாக்ஸ் என்பவர் தொடங்கிய ‘ஜென்டில் பார்ன்’, மீட்கப்பட்ட விலங்குகளோடு மனக்காயமுற்ற சிறுவர்களைப் பழகவிட்டது. நெதர்லாந்தில், பராமரிப்புத் தேவைப்படும் மனிதர் பண்ணை வேலைகளில் ஈடுபடும் பராமரிப்புப் பண்ணைகள் நூற்றுக்கணக்கில் இயங்குகின்றன. ஆனால் விலங்கை மனிதரின் ஆறுதலுக்கான கருவியாக்கிவிடும் ஆபத்து இவ்வகை இடங்கள் எல்லாவற்றிலும் உண்டு. ஆகவே நான் முதலில் கவனித்தது, விரும்பாத மாடு விலகிப் போக முடிகிறதா என்பதைத்தான். முடிகிறது. பார்வையாளர் கால் வைக்கக் கூடாத ஒரு பகுதி வேலியால் பிரிக்கப்பட்டிருக்கிறது. அதற்குள் போய்விட்ட மாட்டை எவரும் கூப்பிடுவதில்லை, குழந்தை அழுதாலும் கூப்பிடுவதில்லை. ஈன்ற பசுவின் அருகில் வெளியாரை விடுவதுமில்லை. இந்தக் கண்டிப்பே அடைக்கலத்தின் மீது எனக்கு நம்பிக்கையை ஏற்படுத்தியது.

வரும் அன்பர்களோடு அங்குள்ளோர் அதிகம் வாதாட வேண்டியிருப்பது உணவு விடயத்தில். மாட்டுக்குச் சோறும் பொங்கலும் ஊட்டுவதைப் புண்ணியம் என்று நாம் கருதுகிறோம். பட்டிப் பொங்கலன்று சட்டி சட்டியாகக் கொண்டுவருவோரும் உண்டு. வெந்த சோற்றின் மாப்பொருள் இரைப்பையில் மிக வேகமாக நொதித்து அமிலத்தைப் பெருக்குகிறது. புல்லைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் அதில் அழிகின்றன. மாடு தீனி எடுக்காமல் படுத்து, உரிய நேரத்தில் கால்நடை வைத்தியர் வராவிட்டால் ஓரிரு நாளில் இறந்துவிடவும் கூடும். ஆகவே இங்கே பொங்கலை வாங்கி ஒவ்வொரு மாட்டுக்கும் ஒரு வாய் மட்டும் காட்டிவிட்டு, மீதியை வந்த பிள்ளைகளுக்கே பகிர்ந்துவிடுகிறார்கள். மனம் நோகாமலும் மாடு சாகாமலும் காக்கும் இவ்வழியை நம் கோயில்களும் பின்பற்றினால் எவ்வளவு நன்றாயிருக்கும்!

குறைகளும் உண்டு. வாயிலிலிருந்து கொட்டில் வரையான பாதை மணற்பாங்கானது. சக்கர நாற்காலியை அதில் தள்ளுவது பெரும்பாடு. பிள்ளைகளுக்கென்றே ஒரு நாளை ஒதுக்கிய இடத்தில் இது பெருங்குறை, முதலில் தீர்க்கப்பட வேண்டியதும் இதுவே. குடிநீரை நாமே கொண்டு போக வேண்டும். மலசலகூடம் ஒன்றுதான்.

நுழைவுக் கட்டணம் இல்லை. நன்கொடைக்குப் பற்றுச்சீட்டு தருகிறார்கள். மாதக் கணக்கு சுவரில் ஒட்டப்பட்டிருக்கிறது. பாலை விற்பதில்லை, அது கன்றுக்கே. மக்கிய சாணத்தை மட்டும் மூட்டையாக விற்கிறார்கள். என் வீட்டுப் பாகற்கொடிக்கு இட்டுப் பார்த்தேன், நல்ல தரம்.

செல்வோர் முன்கூட்டியே சொல்லிவிட்டுச் செல்ல வேண்டும். வாயிலில் கிருமிநாசினி நீரில் காலை நனைத்த பின்பே உள்ளே விடுவர். மாடுகளின் காலிலும் வாயிலும் புண் உண்டாக்கும் கால்-வாய் நோயை நாமே செருப்பில் சுமந்து போய்விடக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. கச்சான் காற்று வீசும் மாதங்களில் தரவை காய்ந்துவிடுவதால், அப்போது பணத்தைவிட வைக்கோலும் பிண்ணாக்கும் தவிடும் பெரிதும் பயன்படும். வெயில் ஏறியதும் மாடுகள் நிழல் தேடி உட்பகுதிக்குப் போய்விடும். ஆகவே பிள்ளைகளோடு போவோர் காலையிலேயே போய்ச் சேருவது நல்லது.