தராசா, அளவுத் தட்டா, கண்ணா, லாட் சோதனையா: ஏர் ரைபிள் பெல்லட்டுகளைத் தரம் பிரித்தல்

பத்து மீட்டர் ஏர் ரைபிள் இலக்கு அட்டையில் பத்துக்குரிய புள்ளியின் விட்டம் 0.5 மி.மீ. மட்டுமே. வளையத்துக்கு வளையம் 2.5 மி.மீ. இடைவெளி இருப்பதால், தசமக் கணக்கில் 0.1 புள்ளி என்பது கால் மில்லிமீட்டர். 2016 ரியோ ஒலிம்பிக் இறுதிச் சுற்றில் அபினவ் பிந்த்ராவும் உக்ரைனின் செர்ஹி குலிஷும் சமநிலையில் நின்றபோது, தீர்வுக்காகச் சுட்ட ஒற்றைச் சுடுதலில் குலிஷ் 10.5, பிந்த்ரா 10.0 எடுத்தனர். பதக்கத்தையும் நான்காம் இடத்தையும் பிரித்த அந்த அரைப் புள்ளி 1.25 மி.மீ. தூரம். அன்று பெல்லட்டில் (ஏர் ரைபிளில் போட்டுச் சுடும், முன்னே தலையும் பின்னே குழிந்த விளிம்பும் உள்ள சிறு ஈயக் குண்டில்) குறை இருந்தது என்று சொல்ல இதைக் குறிப்பிடவில்லை. நாம் எந்த அளவிலான பிழையைத் துரத்துகிறோம் என்பதை மனத்தில் இருத்திக்கொண்டால்தான், எந்த முறைக்கு எவ்வளவு உழைப்பைக் கொடுக்கலாம் என்று முடிவு செய்ய முடியும்.

தரம் பிரிக்க வேண்டும் என்றவுடன் பெரும்பாலானோர் முதலில் வாங்குவது, ஒரு மில்லிகிராம் வரை காட்டும் சிறிய டிஜிட்டல் தராசு. நானும் அப்படித்தான் தொடங்கினேன். மின்விசிறியை நிறுத்திவிட்டு, இடுக்கியால் ஒவ்வொரு பெல்லட்டாக எடுத்து வைத்து, 0.528, 0.530, 0.533 என்று எண்களைப் பார்த்துப் பார்த்துச் சிறு கிண்ணங்களில் பிரித்துப்போட்ட மாலைகள் பல. அரை மணி நேரத்துக்குப் பிறகு முதல் கிண்ணத்தில் இருந்த ஒன்றையே மறுபடி வைத்தால் இரண்டு மில்லிகிராம் மாற்றிக் காட்டும். நாம் தேடும் வேறுபாடே மூன்று நான்கு மில்லிகிராம்தான் என்னும்போது, பெல்லட்டைப் பிரிக்கிறோமா, தராசின் தடுமாற்றத்தைப் பிரிக்கிறோமா என்ற கேள்வி எழத்தான் செய்யும்.

தராசு துல்லியமாகவே இருக்கிறது என்று வைத்துக்கொண்டும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 0.53 கிராம் பெல்லட் நொடிக்கு ஏறத்தாழ 172 மீட்டர் வேகத்தில் புறப்பட்டால், பத்து மீட்டரைக் கடக்கும் நேரத்தில் புவியீர்ப்பால் சுமார் 17 மி.மீ. கீழே இறங்கும். எடை ஒரு சதவீதம், அதாவது ஐந்து மில்லிகிராம் கூடினால், துப்பாக்கி கொடுக்கும் ஆற்றல் மாறாத நிலையில் வேகம் அரை சதவீதம் குறையும், இறக்கம் 0.17 மி.மீ. கூடும். அது 0.1 புள்ளிக்குக்கூடப் போதாது. போட்டிக்கென்றே செய்யப்படும் நல்ல மேட்ச் ரகப் பெல்லட்டுகளில் பெரும்பாலானவை இந்த ஐந்து மில்லிகிராமுக்குள்ளேயே அடங்கிவிடுகின்றன. ஆகவே பத்து மீட்டருக்கு எடை பார்ப்பது, வரிசையில் கடைசியாக வர வேண்டிய வேலை என்பது என் உறுதியான கருத்து. ஐம்பது மீட்டர் வரை சுடும் ஃபீல்டு டார்கெட் போட்டியில் கதை வேறு: அங்கே அதே ஒரு சதவீத வேறுபாடு இரண்டரை மி.மீ. அளவுக்கு உயரத்தை மாற்றிவிடும் என்பதால் தராசுக்கு ஓரளவு மதிப்பு உண்டு.

தராசு காட்டாத ஒன்றுதான் உண்மையில் நம்மைக் கெடுக்கிறது. பெல்லட்டின் எடைமையம் அதன் நடு அச்சிலிருந்து விலகியிருந்தால், குழலுக்குள் இருக்கும்வரை அந்த எடைமையம் அச்சைச் சுற்றிக் கட்டாயமாகச் சுழல்கிறது. குழல்வாயை விட்டு வெளியேறிய கணத்தில், அந்த விலகல் பக்கவாட்டு வேகமாக மாறிவிடுகிறது. 450 மி.மீ. நீளத்துக்கு ஒரு சுற்று என்று வரிப்பள்ளங்கள் அமைந்த குழலில், 0.01 மி.மீ. விலகல் பத்து மீட்டரில் சுமார் 1.4 மி.மீ. தள்ளிவிடும். ஐம்பது மீட்டரில் அது ஏழு மி.மீ. ஆகும். தலைமுடியின் தடிமனைவிடச் சிறிய கோணல், ஐந்து மில்லிகிராம் எடை வேறுபாட்டைப்போல எட்டு மடங்கு தீங்கு செய்கிறது. சரியாக ஒரே எடையுள்ள இரண்டு பெல்லட்டுகளில் ஒன்று ஒழுங்காகவும் மற்றொன்று கோணலாகவும் இருக்கலாம். தராசுக்கு இரண்டும் ஒன்றே.

இந்தக் கண்ணோட்டத்தில் பார்த்தால், தலை விட்டத்தை அளக்கும் துளைத் தட்டு தராசைவிட மேலானது. டப்பாவின் மேல் 4.50 என்று அச்சிட்டிருந்தாலும் உள்ளே 4.49, 4.51 கலந்திருப்பது வழக்கம். 0.01 மி.மீ. படிகளில் துளையிட்ட தட்டில் பெல்லட்டைத் தலைகீழாக வைத்தால், எந்தத் துளையில் விழுகிறது, எதில் நிற்கிறது என்பதைக் கொண்டு விட்டம் தெரியும். தலை தளர்ந்த பெல்லட் குழலுக்குள் சற்றுச் சாய்ந்து நுழைய இடமுண்டு. அந்தச் சாய்வும் எடைமைய விலகலே. ஆனால் விரலால் அழுத்தக் கூடாது. ஈயம் மென்மையானது, அழுத்தினால் அளக்கும் செயலே தலையைச் சுரண்டிவிடும். தன் எடையிலேயே விழ வேண்டும்.

சாய்த்து வைத்த கண்ணாடியில் உருட்டிப் பார்க்கும் பழைய முறையும் உண்டு. தலைக்கும் பின் விளிம்புக்கும் விட்டம் வேறாக இருப்பதால் பெல்லட் வளைந்து ஓடும். ஒரே இடத்தில் போய் நிற்பவை ஒரு கூட்டம், தள்ளாடி ஓடுபவை கழிவு. செலவில்லாத முறை, ஆனால் நுட்பம் குறைவு.

செலவில்லாத முறைகளில் நான் விடாமல் செய்வது, உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் ஒவ்வொன்றின் பின் விளிம்பையும் பார்ப்பதுதான். ஒருமுறை கூரியரில் வந்த 500 பெல்லட் டப்பாவைத் திறந்தபோது, பொதி எங்கோ பலமாக விழுந்திருக்கிறது என்பது தெரிந்தது: ஒரு கைப்பிடி அளவு பெல்லட்டுகளின் விளிம்பு வட்டமாக இல்லாமல், பிறையின் ஓரம்போல உள்வாங்கி நசுங்கியிருந்தது. அத்தகைய பெல்லட் குழல்வாயைக் கடக்கும்போது, பின்னால் தள்ளும் காற்று நசுங்கிய பக்கமாக முதலில் வெளியேறி அதைச் சாய்த்துவிடும். எடை பார்த்திருந்தால் அவை அனைத்தும் தேறியிருக்கும். உட்குழிவில் ஒட்டியிருக்கும் ஈயச் சீவலையும் கண்தான் பிடிக்கும்.

இவை எல்லாவற்றுக்கும் மேலே நான் வைப்பது லாட் சோதனை. லாட் என்பது ஒரே தொகுப்பாகத் தயாராகி, ஒரே எண் இடப்பட்ட பெல்லட்டுகள். ஜெர்மனியில் துப்பாக்கி, பெல்லட் நிறுவனங்களின் சோதனைக் கூடங்களில், வீரரின் துப்பாக்கியையே இடுக்கிப் பிடியில் பொருத்தி, ஒவ்வொரு லாட்டிலும் பத்துப் பத்தாகச் சுட்டு, துளைக் கூட்டத்தின் அகலத்தை அளக்கிறார்கள். பெல்லட்டின் விட்டமே 4.5 மி.மீ. என்பதால், பத்தும் சேர்ந்து ஐந்தரை மி.மீ. துளையாக நின்றால் அந்த லாட் அந்தக் குழலுக்குப் பொருந்துகிறது. எடை, விட்டம், எடைமையம், ஈயத்தின் மென்மை என்று தனித்தனியே அளக்க வேண்டிய அனைத்தையும் இந்தச் சோதனை ஒருசேரச் சொல்லிவிடுகிறது. குறை என்னவென்றால், நம் ஊரில் ஒரே நேரத்தில் நான்கைந்து லாட்டுகள் கிடைப்பது அரிது. பொருந்தியதைக் கண்டுபிடித்தால் அதே எண்ணுள்ள டப்பாக்களை மொத்தமாக வாங்கப் பணமும் வேண்டும்.

இடுக்கிப் பிடி இல்லாதவர்கள் மணல்மூட்டையில் துப்பாக்கியைத் தாங்கவைத்தும் செய்யலாம். ஐந்து சுடுதலைக் கொண்டு தீர்ப்பு எழுத வேண்டாம். மோசமான லாட்டும் ஐந்தை ஒரே துளையில் போடும் நாள் உண்டு. லாட்டுக்குப் பத்துப் பத்தாக ஐந்து கூட்டங்களாவது வேண்டும். தரம் பிரித்ததையும் பிரிக்காததையும் ஒப்பிடும்போது, எது எது என்று சுடுபவருக்குத் தெரியாமல் நண்பர் ஒருவர் எடுத்துக் கொடுப்பது நல்லது. பிரித்த பெல்லட் என்று தெரிந்தாலே விசையை இன்னும் கவனமாக அழுத்துவது மனித இயல்பு.

போட்டிக்கு முந்தைய இரவு நான் செய்வது இவ்வளவுதான்: சோதனையில் தேறிய லாட்டிலிருந்து நூற்றை எடுத்து, விளிம்பு பார்த்து, துளைத் தட்டில் ஒரே விட்டமாகத் தேறும் அறுபதைக் குழித்தட்டில் அடுக்குகிறேன். விட்டம் மட்டும் மாறுபட்டவை, போட்டி தொடங்கும் முன் குறியைச் சரிபார்க்கும் முன்சோதனைச் சுடுதல்களுக்கு. விளிம்பு நசுங்கியவை நிற்கும் நிலையைப் பழகும் பயிற்சிக்கு. பிறகு ஈயம் படிந்த கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் சாப்பிட உட்காருகிறேன்.