186 பவுண்டு போயிற்று: ஸ்லாட் கார் மோட்டார் டைனோவுக்கு உதிரி வாங்குவோர் கவனத்துக்கு

நேற்று மாலை வங்கியிலிருந்து வந்த பதிலைப் படித்த கையோடு இதை எழுதுகிறேன். ஸ்லாட் கார் (தடத்திலுள்ள பள்ளத்தைப் பிடித்து ஓடும் சிறு மின்சாரக் கார்) மோட்டார்களைச் சோதித்துப் பார்க்க வீட்டிலேயே ஒரு டைனோ, அதாவது மோட்டாரின் பலத்தை அளக்கும் கருவி, செய்துகொள்ளலாம் என்று தொடங்கிய வேலையில், உதிரிகள் விற்ற ஒருவரிடம் 186 பவுண்டைப் பறிகொடுத்துவிட்டேன். இங்கிலாந்தில் இந்தப் பொழுதுபோக்கில் இருக்கும் தமிழர்கள் சிலராவது இதைப் படிப்பீர்கள் என்பதால், வாங்கும்போது எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்பதை இறுதியில் விரிவாகச் சொல்கிறேன்.

1957இல் ஸ்கேலெக்ஸ்ட்ரிக் என்ற ஸ்லாட் கார் தொகுப்பு வந்ததிலிருந்து இந்த நாட்டில் வீட்டுக்கூடத்திலும் கிளப்பிலும் ஓடிக்கொண்டிருக்கும் விளையாட்டு இது. நானும் என் மகனும் ஓட்டுபவை 1/32 அளவுக் கார்கள். மோட்டாரின் மேல் 12 வோல்ட்டில் நிமிடத்துக்கு 18,000 சுற்று என்று அச்சிட்டிருப்பார்கள். ஒரே வகையில் இரண்டு வாங்கினால் இரண்டும் ஒரே மாதிரி இழுக்காது. சுமையில்லாமல் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்பதைவிட, வளைவு முடிந்து கார் கிளம்பும்போது முறுக்குவிசை, அதாவது தண்டைச் சுழற்றும் பலம், எவ்வளவு கிடைக்கிறது என்பதுதான் பந்தயத்தில் முக்கியம். அதை அளப்பதற்கு எளிய வழி, எடையும் விட்டமும் திட்டமாகத் தெரிந்த ஒரு சக்கரத்தை மோட்டார்த் தண்டில் மாட்டி, நின்ற நிலையிலிருந்து அது எவ்வளவு விரைவாக வேகம் பிடிக்கிறது என்று பதிவு செய்வதாகும். சக்கரத்தின் நிலைமத் திருப்புத்திறனை (வேகம் பிடிப்பதற்கு அது காட்டும் எதிர்ப்பு) கோண முடுக்கத்தால் (சுழற்சி வேகம் கூடும் வீதம்) பெருக்கினால் முறுக்குவிசை வந்துவிடும். ஆகவே இந்தக் கருவிக்கு உயிர் அந்தச் சக்கரம்தான். அதன் எடை பொய்யானால் அதிலிருந்து வரும் ஒவ்வொரு முறுக்குவிசை எண்ணும் பொய்யாகிவிடும்.

தனியாட்கள் பொருள் விற்கும் ஓர் இணையச் சந்தையில், லேத்தில் கடைந்த பித்தளைச் சக்கரம், தாங்கி, ஒளி சென்சார், வேகம் காட்டும் சிறு போர்டு, எல்லாம் சேர்த்து 195 பவுண்டு என்று ஒரு விளம்பரம் இருந்தது. சக்கரம் 40 மி.மீ. விட்டம், 60 கிராம் எடை என்று எழுதியிருந்தார். நான் விசாரித்தவுடன் அவர் விலையைப் பற்றிப் பேசவேயில்லை. என் மோட்டாரின் தண்டு 2 மி.மீ.தானா என்று முதலில் கேட்டார். ஒரே திருகு வைத்து இறுக்கினால் அந்த வேகத்தில் சக்கரம் ஒருபக்கம் இழுத்து அதிரும், அதனால் எதிரெதிராக இரண்டு திருகு வைத்துத் தருகிறேன் என்றார். பிறகு ஒரு தாளில் எடையில் பாதியை ஆரத்தின் வர்க்கத்தால் பெருக்கி, சக்கரத்தின் நிலைமத் திருப்புத்திறன் 0.000012 கிலோகிராம் மீட்டர் வர்க்கம் என்று தன் கையாலேயே கணக்குப் போட்டுப் படமெடுத்து அனுப்பினார். நான் அவரை நம்பியது அந்தத் தாளைப் பார்த்த நேரத்தில்தான். இவ்வளவு நுணுக்கமாகக் கணக்குப் போடுகிறவர் பொருளில் கைவைக்க மாட்டார் என்று நினைத்தேன். சந்தையின் கட்டணம் வீணாகப் போவானேன், நேரே வங்கிக் கணக்குக்கு அனுப்பினால் 186 போதும் என்று அவர் அடுத்துச் சொன்னபோது எனக்குச் சந்தேகமே எழவில்லை. ஒன்பது பவுண்டு மிச்சம் என்று எண்ணி 186 பவுண்டை அன்றிரவே அனுப்பினேன்.

பெட்டி ஐந்தாம் நாள் வந்தது. சக்கரத்தைக் கையில் எடுத்ததுமே இலேசாக இருந்தது. சமையலறைத் தராசில் வைத்தேன்; 41 கிராம் காட்டியது. தராசின் மேல் சந்தேகப்பட்டு நான்கு ஒரு பவுண்டு நாணயங்களை வைத்துப் பார்த்தேன். ஒரு நாணயம் 8.75 கிராம், நான்குக்கு 35 கிராம் வர வேண்டும். மிகச் சரியாக 35தான் வந்தது. விட்டம் அவர் சொன்ன 40 மி.மீ.தான், தடிமனில்தான் பித்தளையை மிச்சம் பிடித்திருக்கிறார். அவர் தந்த எண்ணை வைத்துக் கணக்கிட்டால் என் மோட்டார்கள் எல்லாமே உள்ளதைவிட 46 சதவீதம் கூடுதல் முறுக்குவிசை காட்டும்.

போர்டு அதைவிட மோசம். மோட்டாரை முழு வேகத்தில் ஓடவிட்டபோது திரையில் 15,000, 20,000, மறுபடி 15,000 என்று மாறி மாறி வந்ததே தவிர, இடையில் ஓர் எண்கூட வரவில்லை. காரணம் புரிய எனக்கு ஒரு மாலைப் பொழுது பிடித்தது. 18,000 சுற்றில் ஒரு சுற்றுக்கு 3.3 மில்லிவிநாடி ஆகிறது. அந்தப் போர்டு நேரத்தை முழு மில்லிவிநாடிகளில் மட்டுமே எண்ணுகிறது. மூன்று என்று எண்ணினால் 20,000, நான்கு என்று எண்ணினால் 15,000. சாதாரண ஆர்டுயினோ ஊனோ என்ற சிறு கணினிப் பலகையே 4 மைக்ரோவிநாடி நுட்பத்தில் நேரம் சொல்லும்போது, விற்பனைக்கென்று செய்த ஒரு கருவியில் இப்படி நிரல் எழுதியவர் அதை ஒருமுறைகூட ஓட்டிப் பார்த்திருக்க மாட்டார்.

வாக்களித்த இரண்டு திருகுகளில் ஒன்றுதான் இருந்தது. மூன்றாவது ஓட்டத்தில் அது தளர்ந்து, சக்கரம் தண்டிலிருந்து கழன்று பிளாஸ்டிக் மூடியில் மோதி அதைப் பிளந்தது. அந்த வேகத்தில் 41 கிராம் சக்கரத்தில் தேங்கியிருக்கும் ஆற்றல், ஒன்றரைக் கிலோ கல் ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். மூடிக்கு அந்தப் பக்கம் என் மகன் உட்கார்ந்திருந்தான். பணத்தை மறந்தாலும் இதை என்னால் மறக்க முடியாது.

அன்றே விற்றவருக்கு எழுதினேன். உங்கள் தராசு சரியில்லை என்று பதில் வந்தது. நாணயங்களோடு படமெடுத்து அனுப்பினேன். ஓட்டிப் பார்த்துவிட்டீர்கள், பயன்படுத்திய பொருளைத் திரும்ப எடுக்க முடியாது என்றார். உடைந்த மூடியின் படத்தை அனுப்பியதற்கு, வெளியூரில் இருக்கிறேன், ஒரு வாரம் பொறுங்கள் என்றார். அந்த ஒரு வாரமும் பொறுத்தேன். எட்டாம் நாள் அவருக்குச் செய்தி அனுப்பவே முடியாதபடி என்னைத் தடுத்திருந்தார். சந்தையிடம் முறையிட்டால், எங்கள் வழியாகப் பணம் செலுத்தியதாகப் பதிவே இல்லை என்று இரண்டு வரியில் முடித்துக்கொண்டார்கள். மோசடியில் ஏமாந்து அனுப்பிய பணத்தை வங்கி திருப்பித் தரும் விதி 2024 அக்டோபரிலிருந்து நடப்பில் இருக்கிறதே என்று வங்கியை நாடினேன். பொருள் கைக்கு வந்துவிட்டது, அதன் தரத்தைப் பற்றிய பிணக்கு உங்கள் இருவருக்கும் இடையிலான உரிமையியல் விவகாரம், அது அந்த விதிக்குள் வராது என்பதுதான் நேற்று வந்த பதில். மூன்று இடத்திலும் கதவு சாத்தியாகிவிட்டது. 186 பவுண்டு போனது போனதுதான்.

விரிவாகச் சொல்வதாக எழுதியிருந்தேன்; இப்போதிருக்கும் மனநிலையில் இவ்வளவுதான் முடிகிறது. எவ்வளவு குறைத்துக் கேட்டாலும் சந்தைக்கு வெளியே பணம் அனுப்பாதீர்கள். கடையில் நேரடியாக வாங்குவதாகவும் விலை 100 பவுண்டுக்கு மேல் இருப்பதாகவும் இருந்தால் கிரெடிட் கார்டில் கட்டுங்கள், 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவு உங்களுக்குத் துணை நிற்கும். சக்கரத்தை ஓட்டுவதற்கு முன்பே எடை போட்டுப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சுழலும் சக்கரத்தின் விளிம்புக்கு நேரே யாரையும், குறிப்பாகப் பிள்ளைகளை, உட்கார விடாதீர்கள்.

இன்று காலை வேறொரு கணக்கிலிருந்து பார்த்தேன். அந்த விளம்பரம் மறுபடியும் ஏறியிருக்கிறது. அதே படம், அதே 195 பவுண்டு விலை. சக்கரத்தின் எடை 60 கிராம் என்றே இன்னமும் எழுதியிருக்கிறார்.