லெந்து கால வேதபாட வகுப்பு: போகலாமா?

எனக்குப் பிறந்த வீடு ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்கம்), புகுந்த வீடு சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை, புராட்டஸ்டண்டு). இரட்சிப்பு (பாவத்திலிருந்து மீட்பு) விசுவாசத்தாலா, நற்கிரியையாலா (நற்செயலாலா) என்ற சண்டையை இரண்டு வீட்டுச் சாப்பாட்டு மேஜையிலும் கேட்டுக் காது புளித்துவிட்டது. பாளையங்கோட்டையில் ஒரு சபையில் லெந்து காலத்தில் (ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலம்) சனிக்கிழமை சாயங்காலம் இதையே பாடமாக நடத்துகிறார்கள் என்று மைனி சொன்னதும் பெயர் கொடுத்துவிட்டேன். கட்டணம் கிடையாது.

நடத்தியவர் ஓய்வுபெற்ற ஐயர் (எங்கள் பக்கம் சி.எஸ்.ஐ. போதகரை அப்படித்தான் கூப்பிடுவோம்). போர்டின் நடுவில் கோடு கிழித்து, ஒரு பக்கம் ரோமர் 4, மறுபக்கம் யாக்கோபு 2 என்று எழுதினார். இரண்டும் புதிய ஏற்பாட்டு நிருபங்கள், அதாவது கடிதங்கள்; முதலாவது பவுல் எழுதியது. பவுலும் யாக்கோபும் சாட்சிக்குக் கூப்பிடுவது ஒரே ஆபிரகாமை. எடுக்கிற வசனமும் ஒன்றுதான், ஆதியாகமம் 15:6: ஆபிரகாம் கர்த்தரை விசுவாசித்தான், அதை அவர் அவனுக்கு நீதியாக எண்ணினார். அப்போது ஆபிரகாமுக்கு விருத்தசேதனம்கூட (யூதர்களின் நுனித்தோல் நீக்கும் சடங்கு) ஆகவில்லையே, விசுவாசம்தானே கணக்கு என்கிறார் பவுல். யாக்கோபோ 22-ஆம் அதிகாரத்துக்குப் போய், மகன் ஈசாக்கைப் பலிபீடத்தில் கிடத்தியதைக் காட்டி, கிரியையும் வேண்டும் என்கிறார். "யார்கிட்ட பேசுறாங்கன்னு பாருங்கம்மா" என்றார் ஐயர். விருத்தசேதனம் செய்தால்தான் ஆச்சு என்று புறஜாதியாரை (யூதரல்லாதவரை) நெருக்கியவர்களுக்குப் பவுலின் பதில். உடுக்கத் துணியில்லாதவனைப் பார்த்து 'குளிர்காய்ந்து பசியாறு' என்று வாயால் மட்டும் சொல்லி அனுப்பியவர்களுக்கு யாக்கோபின் பதில். இத்தனை வருஷப் பிரசங்கத்தில் இதை இவ்வளவு தெளிவாக நான் கேட்டதில்லை.

முன்வரிசைப் பாட்டி ஒருத்தி, "சிலுவையில தொங்குன கள்ளன் என்னய்யா நற்கிரியை செஞ்சான்?" என்று மடக்கினாள். இருந்த கொஞ்ச நேரத்திலும் பக்கத்துக் கள்ளனைக் கண்டித்து, இயேசு குற்றமற்றவர் என்று சொன்னானே, லூக்கா 23 எடுங்கள் என்றார். பாட்டிக்குத் திருப்தியில்லை. எனக்கும் அரைத் திருப்திதான், ஆனாலும் பதில் அழகு.

புராட்டஸ்டண்டு சீர்திருத்தத்தைத் தொடங்கிய லூத்தர் பற்றிய வகுப்பும் சோடையில்லை. 1522-இல் யாக்கோபு நிருபத்தை வைக்கோல் என்று தள்ளிய அதே மனிதர், அதே வருஷம் ரோமருக்கு எழுதிய முன்னுரையில், நெருப்பிலிருந்து சூட்டையும் வெளிச்சத்தையும் பிரிக்க முடியாததுபோல விசுவாசத்திலிருந்து கிரியையைப் பிரிக்க முடியாது என்கிறார். இரண்டையும் மறைக்காமல் சொன்னதற்காகவே ஐயருக்கு ஒரு கும்பிடு.

சறுக்கியது கடைசி வகுப்பில். கத்தோலிக்கர் புண்ணியம் செய்து மோட்சம் வாங்கப் பார்ப்பவர்கள் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். 1547-இல் திரெந்து சங்கம் (லூத்தரின் சீர்திருத்தத்துக்குப் பதில் சொல்லக் கூடிய கத்தோலிக்க ஆயர்களின் பொதுச்சங்கம்) இதைப் பற்றிப் போட்ட முதல் கட்டளையே, கிறிஸ்து வழியாக வரும் கிருபை இல்லாமல் தன் செயலால் எவனும் நீதிமானாக முடியாது என்பதுதான். 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க்கில் ரோமும் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் கூட்டறிக்கையில் கையெழுத்துப் போட்டதையும் விட்டுவிட்டார். நம் தகுதியால் அல்ல, கிருபையால் மட்டுமே ஏற்கப்படுகிறோம், அந்தக் கிருபையே நற்செயலுக்கு அனுப்புகிறது என்று இரு தரப்பும் ஒப்புக்கொண்ட தாள் அது. 2006-இல் உலக மெதடிஸ்ட் மன்றமும் சேர்ந்துகொண்டது. மெதடிஸ்டுகளும் சேர்ந்து உருவான சி.எஸ்.ஐ.யில் இதைச் சொல்லாமல் விடலாமா? வெளியே வந்ததும் ஐயரிடமே கேட்டேன். "அடுத்த தடவை நீயே வந்து சொல்லும்மா" என்று சிரித்தார்.

மைக் இரைகிறது, பின்வரிசை வேண்டாம். ஜெராக்ஸ் தாளில் எழுத்து பொடி, கண்ணாடி அவசியம். சுக்குக் காபி அருமை. அட்வெந்தில் (கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரங்கள்) மறுபடி நடத்துவார்களாம். கலப்புக் குடும்பத்துக்காரர்கள் ஜோடியாகப் போங்கள். திரெந்து பற்றிப் பேச்சு வந்தால் மட்டும் கையைத் தூக்குங்கள்.