கப்பலில் இருக்கும்போதே அடுத்த பயணம்: டெபாசிட்டா, தேதியா, வவுச்சரா?

பெரிய குரூஸ் கப்பல் எதில் ஏறினாலும், நாலு பேர் கடந்துபோகும் இடமாகப் பார்த்து ஒரு மேசை போட்டிருப்பார்கள். ராயல் கரீபியனில் அதற்கு நெக்ஸ்ட்குரூஸ் என்று பெயர். நார்வீஜியனில் குரூஸ்நெக்ஸ்ட், பெயரைத் திருப்பிப் போட்டதோடு சரி. இறங்குவதற்கு முன்பே அடுத்த பயணத்துக்கு நம்மிடம் ஒரு தொகை வாங்கிவிடுவதுதான் அங்கே இருப்பவரின் வேலை. பதிலுக்குக் குறைந்த டெபாசிட், கப்பலில் செலவழிக்கக் கொஞ்சம் கிரெடிட், சில இடங்களில் கட்டணத்திலேயே தள்ளுபடி.

சலுகை பொய்யில்லை. விடுமுறை மயக்கத்தில் இருப்பவரிடம் விற்பது நிறுவனத்துக்கு எளிது. புது ஆளைத் தேடிப் பிடிக்கும் விளம்பரச் செலவும் மிச்சம். அதில் ஒரு பங்கை நமக்குத் தள்ளிவிடுகிறார்கள், அவ்வளவுதான். ஆனால் பதிலுக்கு நம்மிடம் வாங்கிக்கொள்ளும் வாக்கு ஒவ்வொரு நிறுவனத்திலும் வேறு. கிரெடிட் எத்தனை டாலர் என்பதைவிட, நாளைக்கு மனசு மாறினால் போட்ட பணம் திரும்புமா என்று பார்த்துத்தான் நான் இவற்றைத் தரம் பிரிப்பேன்.

தேதி கேட்காத டெபாசிட்

பிரின்சஸ், ஹாலந்து அமெரிக்கா இரண்டும் கார்னிவல் கார்ப்பரேஷனின் நிறுவனங்கள். இரண்டிலும் திட்டம் ஏறக்குறைய ஒன்றுதான்: ஆளுக்கு 100 டாலர் கட்டிவிட்டு வந்துவிடலாம். எந்தக் கப்பல், எந்த மாதம், எத்தனை இரவு என்று எதுவும் சொல்ல வேண்டாம். வீட்டுக்குப் போய் நிதானமாகத் தேர்ந்தெடுத்த பிறகு அந்த 100 டாலர் டெபாசிட்டில் கழியும். பயணம் எவ்வளவு நீளமோ அதற்கேற்ப கிரெடிட்டும் சேரும். பிரின்சஸில் இதற்கு 2 ஆண்டு கெடு, ஹாலந்து அமெரிக்காவில் 4 ஆண்டு. எங்கேயும் போகவில்லை என்றால் பணம் திரும்பிவிடும். இதில் நாம் இழப்பது அந்தத் தொகைக்கான வட்டி மட்டும். அலாஸ்கா, கரீபியன் என்று ஆண்டுக்கொரு முறையாவது கப்பல் ஏறுகிறவர்கள் இதைப் போடாமல் இறங்குவதற்குக் காரணமே இல்லை.

டிஸ்னியின் திட்டமும் இந்த வகைதான், ஆனால் கனம் அதிகம். அங்கே இதை பிளேஸ்ஹோல்டர் என்கிறார்கள். 250 டாலர் கட்டி வைத்தால், 24 மாதங்களுக்குள் போகும் ஒரு பயணத்தின் கட்டணத்தில் 10 சதவீதம் குறையும். 7 இரவும் அதற்கு மேலும் என்றால் டெபாசிட்டும் 20 சதவீதத்துக்குப் பதில் 10 சதவீதம் போதும்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். நாலு பேர் குடும்பத்துக்கு, வரிகளும் துறைமுகக் கட்டணமும் நீங்கலாக, 6,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். பத்து சதவீதம் என்றால் 600 டாலர். அது அப்படியே கையில் மிஞ்சும் பணம். மற்ற கப்பல்களில் சாதாரண கேபினுக்கு 50, 100 என்று கிரெடிட் தருவதோடு இதை ஒப்பிடவே முடியாது. கிரெடிட் என்பது கப்பலுக்குள் ஏதாவது வாங்கினால்தான் பயன்படும். தீர்க்க வேண்டுமே என்று தேவையில்லாத ஒரு மசாஜுக்கும் போய்வருவோம். டிஸ்னி கட்டணத்தைக் குறைப்பதும் அபூர்வம். பயணம் விற்பனைக்கு வந்த நாளில் இருக்கும் விலை அதற்குப் பிறகு பெரும்பாலும் ஏறத்தான் செய்யும். ஆகவே பிளேஸ்ஹோல்டரைக் கையில் வைத்திருந்து, புதிய அட்டவணை வெளியாகும் நாளிலேயே அதைப் பயன்படுத்துவதுதான் லாபம். விடுமுறைக் கூட்டம் மொய்க்கும் சில தேதிகளுக்கு இந்தத் தள்ளுபடி செல்லாது. கிறிஸ்துமஸ் வாரத்தை மனதில் வைத்திருப்பவர்கள் விலக்குப் பட்டியலை முதலிலேயே கேட்டுக்கொள்ளட்டும்.

தேதியோடு கட்டிப்போடும் பதிவு

ராயல் கரீபியன் மேசையில் கப்பலையும் தேதியையும் கேபினையும் சொல்லிப் பதிவு செய்கிறவருக்குத்தான் உண்மையான கவனிப்பு. கேபின் வகை உயர உயர, இரவுகள் கூடக் கூட, கிரெடிட்டும் கூடும். சூட் எடுப்பவருக்கு நல்ல தொகை கிடைக்கும். ஜன்னல் இல்லாத உள் கேபின் எடுப்பவருக்கு ஒரு வேளை ஸ்பெஷல் உணவகச் சாப்பாட்டுக்கு வந்தால் பெரிது.

சிக்கல் டெபாசிட்டில் இருக்கிறது. மேசையில் காட்டும் குறைந்த விலை பெரும்பாலும் திருப்பித் தராத டெபாசிட்டுக்கு உரியது. பிறகு கப்பலையோ தேதியையோ மாற்றினால் ஆளுக்கு 100 டாலர் பிடிப்பார்கள். நாலு பேருக்கு 400. அங்கே வாங்கிய கிரெடிட் இதற்குப் பக்கத்தில்கூட வராது. திருப்பித் தரும் டெபாசிட்டும் உண்டு. அதற்குக் கட்டணம் கூடுதல். இரண்டு விலையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டச் சொல்லுங்கள். கேட்டால் காட்டுவார்கள், கேட்காவிட்டால் மலிவானதுதான் திரையில் இருக்கும்.

யாருக்கு இது ஒத்துவரும் என்றால், தேதி ஏற்கெனவே முடிவாகிவிட்டவர்களுக்கு. சிங்கப்பூரில் பள்ளிப் பிள்ளைகள் இருக்கும் வீடுகளுக்கு ஜூனும் ஆண்டுக் கடைசியும்தான் நீண்ட விடுமுறை. மரினா பே துறையிலிருந்து அந்த வாரங்களில் கிளம்பும் கப்பல்களில் நாலு பேர் தங்கும் கேபின்கள் சீக்கிரம் தீரும். அவர்களுக்கு முன்கூட்டிக் கேபினைப் பிடித்துவைப்பதே லாபம். 3, 4 இரவுப் பயணத்துக்குக் கிடைக்கும் கிரெடிட் சொற்பம், அதை ஒரு போனஸாக நினைத்துக்கொண்டால் போதும்.

பாதி விலை வவுச்சர்

நார்வீஜியன் விற்பது டெபாசிட் போலவே தோன்றும், ஆனால் இது முன்கூட்டி வாங்கும் வவுச்சர். 250 டாலர் கட்டினால் 250 டாலர் மதிப்புள்ள சான்று இரண்டு தரும் சலுகையை அடிக்கடி கொடுத்திருக்கிறார்கள். கேட்க அருமையாக இருக்கும்: போட்டது இரட்டிப்பு. அதே நிறுவனத்தில் இன்னும் இரண்டு முறையாவது போகப்போகிறவருக்கு இது நிஜமாகவே நல்ல பேரம். ஆனால் ஒரு கேபினுக்கு இத்தனை சான்றுதான் என்ற வரம்பு இருக்கும். இரண்டையும் ஒரே பயணத்தில் தீர்த்துவிடலாம் என்று எண்ணி வாங்காதீர்கள். பணமாகத் திரும்ப வாங்கும் நினைப்பும் வேண்டாம். முதல் முறை ஏறியவர், இந்த நிறுவனம் தனக்குப் பிடித்திருக்கிறதா என்றே இன்னும் முடிவு செய்யாதவர், இதைத் தாண்டி நடந்துவிடுவது நல்லது.

கரையில் காத்திருக்கும் போட்டி

மேசைக்காரர் சொல்லாத எதிராளி ஒருவர் ஊரில் இருக்கிறார்: டிராவல் ஏஜென்ட். அமெரிக்கச் சந்தையில் ஜனவரி முதல் மார்ச் வரை வேவ் சீசன் என்று பெயர். எல்லா நிறுவனங்களும் அப்போதுதான் தள்ளுபடிகளைக் கொட்டும். ராயல் கரீபியன் போன்ற நிறுவனங்கள், தாங்கள் வைத்த விலைக்குக் கீழே விற்க ஏஜென்டுகளை விடுவதில்லை. அதனால் அவர்கள் தங்கள் கமிஷனிலிருந்து கிரெடிட், டிப்ஸ் தொகை, ஒயின் பாட்டில் என்று கொடுத்துப் போட்டி போடுகிறார்கள். பெரிய ஏஜென்சிகள் தரும் கிரெடிட் மட்டுமே சில சமயம் கப்பல் மேசை தருவதை மிஞ்சிவிடும்.

இரண்டில் ஒன்றைத்தான் எடுக்க வேண்டும் என்றும் இல்லை. கப்பலில் பதிவு செய்யும்போதே உங்கள் ஏஜென்டின் விவரத்தைக் கொடுத்தால், கமிஷன் அவருக்குப் போகும். மேசையின் சலுகையும் அவருடைய சலுகையும் இரண்டும் உங்களுக்கு. ஏறுவதற்கு முன்பே ஏஜென்டிடம், ‘நான் கப்பலில் பதிவு செய்தால் நீங்கள் என்ன தருவீர்கள்?’ என்று கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நேரடியாகப் பதிந்துவிட்டு ஊருக்கு வந்து மாற்றிக்கொள்ளலாம் என்றால், அதற்கு நாள் கெடு உண்டு, முழுப் பணம் கட்டிவிட்டால் வழியே இல்லை.

விலை பின்னால் இறங்கினால்? முழுப் பணம் கட்டும் கெடு ராயல் கரீபியனில் 5 இரவும் அதற்கு மேலும் போகும் பயணங்களுக்குச் சாதாரணமாக 90 நாள் முன்பு. அமெரிக்காவில் பதிவு செய்தவர்கள் அதற்குள் கூப்பிட்டுப் புதிய விலையைக் கேட்கலாம். ஆனால் புதிய விலைக்கு மாறும்போது கப்பல் மேசை தந்த கிரெடிட் அப்படியே நிற்குமா, உதிருமா என்பதையும் அதே அழைப்பில் கேளுங்கள். 80 டாலர் குறைந்தது என்று மாறி, 100 டாலர் கிரெடிட்டை விட்டுவிட்டால் என்ன பயன்?

எந்தத் திட்டத்துக்குப் போனாலும் மேசைக்குப் போகும் நேரம் முக்கியம். எந்தத் துறையிலும் நிற்காமல் கடலிலேயே ஓடும் கடைசி நாளில் வரிசை நீளும், நல்ல கேபின் எண்ணைத் தேடிப் பார்க்க எதிரில் இருப்பவருக்கும் பொறுமை இருக்காது. கப்பல் ஏதாவது துறையில் நிற்கும் நாளில், எல்லாரும் ஊர் சுற்ற இறங்கிய பிறகு, மேசை திறந்திருக்கும் நேரத்தைப் பார்த்துப் போனால் ஆற அமரப் பேசலாம். கிரெடிட் இந்தப் பயணத்திலேயே சேருமா, அடுத்ததிலா, மிச்சமானால் கடைசி நாளில் பணமாகத் தருவார்களா என்ற மூன்றையும் கையெழுத்துப் போடும் தாளில் காட்டச் சொல்லிவிட்டு அப்புறம் கார்டை நீட்டுங்கள்.