ஆர்னிஸ் பிரம்புக் குச்சி ஜோடி, 28 இன்ச்: வாங்கலாம், ஆனா கேட்டு வாங்குங்க

பிலிப்பைன்ஸ்ல ஆர்னிஸ்னு ஒரு குச்சிச் சண்டை இருக்கு, எஸ்க்ரிமான்னும் சொல்லுவாங்க, 2009ல அங்க சட்டமே போட்டு தேசிய விளையாட்டா அறிவிச்சாங்க. நம்ம பக்கம் தெரிஞ்சவங்க ரொம்ப கம்மி. பல கலைகள்ல கை கால் நல்லா பழகின அப்புறம்தான் ஆயுதத்தையே தொட விடுவாங்க, இதுல முதல் கிளாஸ்லயே கையில குச்சிய குடுத்துடுவாங்க, வெறுங்கை அடியெல்லாம் பின்னாடி அதே வீச்சுலேருந்துதான் வரும். அதனால குச்சி சரியா அமையணும். சில மாசமா இந்த ஜோடிய வச்சுத்தான் பிராக்டிஸ் பண்றேன்.

குச்சி நல்ல குச்சி, அதுல சந்தேகமே இல்ல. சாதா மூங்கில் உள்ள கூடா இருக்கும், பிளந்தா கூரா தெறிக்கும், பிரம்பு நடு வரைக்கும் கெட்டி, அடிபட்டு பழசானாலும் நார் நாராத்தான் பிரியும். இந்தக் கலைக்கு இது ரொம்ப முக்கியம், ஏன்னா பழைய முறைல எதிராளியோட கையத்தான் குறி வச்சு அடிப்பாங்க, ஆயுதம் பிடிச்ச கை போச்சுன்னா சண்டை அதோட முடிஞ்சது, பழகுற இடத்துலயும் அப்படியே அடி வாங்கித்தான் கத்துக்கிட்டாங்க, ரெமி பிரெசாஸ்ங்கிற பிலிப்பைன்ஸ் ஆசான்தான் தான் உருவாக்கின மாடர்ன் ஆர்னிஸ்ங்கிற முறைல கைக்கு பதிலா குச்சிய குச்சியால அடிச்சு பழகுற முறைய கொண்டு வந்தார். கை தப்பிச்சிடுது, அந்த அடி மொத்தத்தையும் குச்சி வாங்குது. ரெண்டு கையிலயும் குச்சி பிடிச்சு மாத்தி மாத்தி பின்னுற சினவாலில வேகம் ஏறுச்சுன்னா பிரம்பு உரசி லேசா கருகின வாசனை வரும், எனக்கு அது அவ்ளோ பிடிக்கும். இந்த ஜோடி அதையெல்லாம் தாங்குது, நடுவுல தோல் கொஞ்சம் உரிஞ்சிருக்கு, விரிசல் எதுவும் இல்ல.

குறைன்னு பாத்தா, ரெண்டு குச்சியும் ஒரே எடை இல்ல. ஒண்ணுல கணு நெருக்கமா இருக்கு, அது கனமா இருக்கு, சினவாலில ஒரு கை எப்பவும் முந்திடுது. ஜோடின்னு சொல்லி விக்கிறவங்க எடை போட்டு பாக்க வேணாமா? வார்னிஷும் ரொம்ப தடிமனா அடிச்சிருக்காங்க, கை வேர்த்தா வழுக்குது, பிடிக்கிற இடத்துல மட்டும் உப்புத்தாள் போட்டு தேச்சு எடுத்துட்டேன், இப்ப பிடி நல்லா நிக்குது.

நீளம் எனக்கு கரெக்ட். சிலம்பம் ஆடினவங்களுக்கு முதல்ல ரொம்ப குட்டையா தெரியும், நெத்தி உயர கம்பு பழகின கை இல்லையா, ஆனா இது கிட்ட நின்னு ஆடுறது, கைக்கு கீழ ஒரு பிடி அளவு குச்சிய விட்டுத்தான் பிடிக்கணும், அந்தக் கட்டை முனைய வச்சே மணிக்கட்ட மடக்கலாம், எதிராளியோட குச்சிய பிடுங்கலாம்.

அதே கடைல கமகோங் மரக்குச்சியும் இருக்கு, கருங்காலி வகை, செம கனம். தனியா வீசி மணிக்கட்டு பலம் ஏத்துறதுக்கு ஓகே, இன்னொருத்தரோட சேந்து பழகுறதுக்கு தயவுசெஞ்சு வாங்காதீங்க, விரல்ல பட்டா எலும்பு போயிடும். சின்னப் பசங்களுக்கு மேல பஞ்சு சுத்தின குச்சி போதும், 2019 தென்கிழக்கு ஆசிய விளையாட்டுல கூட அந்தக் குச்சிக்குன்னு தனியா போட்டி வச்சாங்க.

ஆர்டர் போடுறதுக்கு முன்னாடி மெசேஜ் பண்ணி ரெண்டு குச்சியோட எடையையும் கேளுங்க, வார்னிஷ் இல்லாம கிடைக்குமான்னும் கேளுங்க.