1911 பிஸ்டல்: அன்றைய உருப்படியா, இன்றைய உருப்படியா?

"அந்தக் காலத்துச் சாமான் மாதிரி வருமா?" என்ற பேச்சு அமெரிக்காவின் 1911 பிஸ்டலையும் விடவில்லை. பழசெல்லாம் இரும்பு, புதுசெல்லாம் தகரம் என்பார்கள். பாதிதான் உண்மை.

போர்க்காலத்து உருப்படியை எடுத்துக்கொள்வோம். ஜான் பிரௌனிங் வடிவமைத்த இந்த .45 (குழல் விட்டம் அங்குலத்தில்) பிஸ்டல், 1911 மார்ச் சோதனையில் 6,000 தோட்டாக்களைச் சிக்காமல் சுட்டு ராணுவத்துக்குள் நுழைந்தது. இரண்டாம் உலகப் போரில் இதை அதிகம் செய்து கொடுத்தது கோல்ட் (Colt) என்ற துப்பாக்கிக் கம்பெனி அல்ல, தட்டச்சுப்பொறி செய்துகொண்டிருந்த ரெமிங்டன் ராண்ட். ஒன்பது லட்சத்தை நெருங்கும் எண்ணிக்கை. ஆரம்பம் என்னவோ சொதப்பல்தான். ஒரு பிஸ்டலின் பாகம் இன்னொன்றில் பொருந்தாததால் 1943-இன் தொடக்கத்தில் உற்பத்தியையே நிறுத்திச் சரிசெய்தார்கள். அப்புறம் வந்தவை நல்ல பெயர் வாங்கின.

அதைக் கையில் எடுத்து ஆட்டினால் ஸ்லைடு, அதாவது முன்னும் பின்னும் நகரும் மேல்பாகம், கடகடக்கும். பலர் அதைத்தான் மட்டமான வேலை என்கிறார்கள். சேறு புகுந்தாலும் ஓட வேண்டும், எந்தப் பாகமும் எந்தப் பிஸ்டலிலும் உட்கார வேண்டும் என்பதற்காக விட்ட இடைவெளி அது. நீலப் பளபளப்பும் கிடையாது. துருவைத் தடுக்கும் சாம்பல் நிறப் பார்க்கரைசிங் பூச்சுதான், அதன் அடியில் கடைசல் கோடுகள் தெரியும். உருண்டை முனைத் தோட்டாவுக்காகச் செய்தது என்பதால், குழிமுனைத் தோட்டாவைப் போட்டால் முரண்டு பிடிக்கலாம்.

1970-களின் கோல்ட் சீரிஸ் 70 அழகி. பேரலை, அதாவது குழலை, இறுகப் பிடிக்க விரல்கள் மாதிரிப் பிளந்த புஷிங் என்ற வளையத்தை வைத்தார்கள். குறி கூடியது, ஆனால் அந்த விரல்கள் சில சமயம் உடைந்தன. 80-களில் கம்பெனியே அந்தப் புஷிங்கைக் கைவிட்டது. கோல்ட்டில் 1986-இல் தொடங்கிய வேலைநிறுத்தம் 1990 வரை நீண்டது. அனுபவமுள்ள கைகள் வெளியே நிற்க, உள்ளே மாற்று ஆட்கள். அந்த வருடங்களின் பிஸ்டல்களைச் சேகரிப்பவர்கள் இன்றும் ஒருமுறைக்கு இருமுறை பார்த்துத்தான் வாங்குகிறார்கள். பழசு என்ற ஒரே காரணத்துக்காக எதையும் தலையில் தூக்கி வைக்க முடியாது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

90-களின் பிற்பாதியில் கிம்பர் என்ற அமெரிக்கக் கம்பெனி வந்து சந்தையையே மாற்றியது. துப்பாக்கி ஆசாரியிடம் தனியாகக் காசு கொடுத்துச் செய்த வேலைகள் பெட்டியிலேயே கிடைத்தன. கணினி இயக்கும் இயந்திரங்களால் ஸ்லைடும் அதைத் தாங்கும் கீழ்ச்சட்டமான ஃபிரேமும் ஆட்டமில்லாமல் பொருந்தின. விலையைப் பிடித்துவைக்க, சின்னப் பாகங்கள் 'மிம்' முறைக்குப் போயின: உலோகப் பொடியைப் பிசினோடு அச்சில் அழுத்தி, உலையில் சுட்டு எடுப்பது. அழுத்தம் மட்டும் தாங்கும் பாகத்துக்கு அது போதும். வளைந்து நிமிர வேண்டிய பாகத்துக்கு, என் கணக்கில், ஆகாது.

அந்தப் பாகம் எக்ஸ்ட்ராக்டர். சுட்ட தோட்டாவின் காலி உறையைக் கவ்வி இழுக்கும் இந்த நீளக் கொக்கிக்குத் தனி ஸ்பிரிங் கிடையாது, அதுவே ஸ்பிரிங். அதனால் ஸ்பிரிங் எஃகில் செய்து, கையால் துளி வளைத்து இறுக்கம் வைக்க வேண்டும். எந்த இயந்திரமும் இதை முழுசாகச் செய்து கொடுத்துவிடாது.

ஆக, உடல் வேலையில் இன்றைய பிஸ்டல்தான் மேல். பிலிப்பைன்ஸின் ராக் ஐலண்ட் போன்ற மலிவு உருப்படிகூட, வார்ப்பு ஃபிரேமோடு வந்தாலும், காசுக்கு மோசமில்லை. 2021-இல் செக் நாட்டுக் குழுமத்தின் கைக்குப் போன கோல்ட்டையும் ஒதுக்க வேண்டாம். சின்னப் பாகங்களில்தான் பழசு ஜெயிக்கிறது.

வாங்குபவர் ஸ்லைடைக் கழற்றி, எக்ஸ்ட்ராக்டரின் கீழ் ஒரு போலித் தோட்டாவைச் செருகி லேசாக ஆட்டிப் பார்க்கட்டும். தொங்கினால் சரி. விழுந்தால், அது எந்த வருடத்துப் பிஸ்டலாக இருந்தாலும் கொக்கியை வளைத்து இறுக்கியோ மாற்றியோதான் ஆக வேண்டும்.