77 கெல்வின் ஸ்குவிட்: எட்டு மாதம் பயன்படுத்திய பிறகு

இந்த ஸ்குவிட் காந்தமானியை, அதாவது மீக்கடத்தி வளையத்தால் மிக நுண்ணிய காந்தப்புலத்தை அளக்கும் கருவியை, இதயத்தின் காந்தப்புலத்தை அளக்க வாங்கினோம். உணரி ஒய்பிசிஓ (இட்ரியம் பேரியம் காப்பர் ஆக்சைடு) என்ற மீக்கடத்தியின் மென்படலத்தால் ஆனது, திரவ நைட்ரஜனில் இயங்குகிறது. விவரத்தாளில் பெரிதாகப் போட்டிருந்த எண் ஒன்றுதான்: இரைச்சல், ரூட் ஹெர்ட்ஸுக்கு 50 ஃபெம்டோ டெஸ்லா. எந்த அதிர்வெண்ணில் என்று இல்லை.

அளந்து பார்த்தேன். 1 கிலோஹெர்ட்ஸில் 55. சொன்ன சொல் சரிதான். 1 ஹெர்ட்ஸில் 400! இதயத் துடிப்பின் சமிக்ஞை சில பத்து பிக்கோ டெஸ்லா உயரம் இருக்கும், ஆனால் பெரும்பகுதி 100 ஹெர்ட்ஸுக்குக் கீழேதான். எனக்கு வேண்டிய இடத்திலேயே இரைச்சல் ஏறி நிற்கிறது.

இதற்குக் காரணம் இரண்டு. ஸ்குவிட் வளையத்தில் உள்ள மெல்லிய இணைப்புகளான ஜோசப்சன் சந்திகளின் மாறுநிலை மின்னோட்டம் (மின்தடையின்றித் தாங்கும் உச்ச மின்னோட்டம்) ஏறி இறங்குவது ஒன்று. படலத்தில் சிக்கிய காந்தப்பாயச் சுழிகள் இடம் விட்டு இடம் தாவுவது மற்றொன்று. முதலாவதுக்கு மருந்து, ஸ்குவிட்டை இயக்கக் கொடுக்கும் பயாஸ் மின்னோட்டத்தின் திசையை மாற்றி மாற்றிக் கொடுப்பது. அந்த வசதி கட்டுப்பாட்டுப் பெட்டியிலேயே இருக்கிறது, ஆனால் அணைத்து வைத்து அனுப்பியிருந்தார்கள். கையேட்டில் ஒரு வரிகூட இல்லை. இரண்டு வாரம் வீணானது, இன்னும் ஆறவில்லை. போட்டதும் 400 என்பது 130 ஆனது. அப்புறம் இரண்டாவதுக்கு, சிக்கிய சுழிகளை வெளியேற்ற, உள்ளே இருக்கும் ஹீட்டரால் உணரியை மீக்கடத்தல் மறையும் 93 கெல்வினுக்கு மேலே ஏற்றி, வெளிக் காந்தப்புலத்தைத் தடுக்கும் மியூமெட்டல் கவசத்துக்குள் வைத்தே மறுபடி குளிர்வித்தேன். 1 ஹெர்ட்ஸ் இரைச்சல் 80க்கு வந்தது. ஒருமுறை கவசத்துக்கு வெளியே, பூமியின் 50 மைக்ரோ டெஸ்லா புலத்தில் குளிர்வித்துப் பார்த்தேன். சுழிகள் படலத்தில் சிக்கி, இரைச்சல் மறுபடி 300ஐத் தாண்டியது.

உணர்திறனில் குறையில்லை. 5 நானோ டெஸ்லாவுக்கு ஒரு பாயக் குவாண்டம் (காந்தப்பாயத்தின் மிகச் சிறிய அலகு). 4.2 கெல்வினில் இயங்கும் நயோபியம் ஸ்குவிட்கள் சில ஃபெம்டோ டெஸ்லா வரை இறங்கும். மூளைச் சமிக்ஞைதான் இலக்கு என்றால் நான் அதையே வாங்குவேன். இதயத்துக்கு இது போதும். ஹீலியத்துக்குத் திண்டாட வேண்டாம். வெப்பத் தடுப்பு மெலிதாக இருந்தாலே போதும் என்பதால் உணரியை மார்புக்கு இன்னும் அருகில் கொண்டுபோகலாம், சமிக்ஞையும் கூடும்.

ஈரப்பதம் ஒய்பிசிஓவைக் கெடுக்கும். இதில் உறை நன்றாக மூடியிருக்கிறது, இத்தனை முறை சூடாக்கிக் குளிர்வித்த பிறகும் அளவுகள் மாறவில்லை.

வாங்கும் முன் 1 ஹெர்ட்ஸிலிருந்து தொடங்கும் இரைச்சல் வரைபடத்தைக் கேளுங்கள். பயாஸ் திருப்பலோடு எடுத்ததா, கவசத்துக்குள் குளிர்வித்து எடுத்ததா என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.